பின்புறத் துளையில் ஒரு வானொலி

பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தங்கள் மேசைக்கணினிகளைக் கழித்துவிடுகின்றன. அவை துடைத்துச் சோதிக்கப்பட்டு மறுவிற்பனைக்கு வரும். தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் வட்டாரங்களில் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் டியூஷன் நடக்கும் வீடுகளிலும் ஓடும் கணினிகளில் இப்படி இரண்டாம் கைக்கு வந்தவை பல. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஓர் எஸ்எஸ்டியைப் பொருத்தினால், பத்து வயதான பெட்டியும் கடிதம் அடிக்கவும் கணக்கு எழுதவும் இணைய வகுப்பு கேட்கவும் சுணங்காமல் ஓடும். பெரும்பாலானவற்றில் ஒரு குறை உண்டு. அலுவலக மேசைக்கணினியில் புளூடூத் வைத்துக் கட்டும் வழக்கம் அந்தக் காலத்தில் அரிது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் சில நூறு ரூபாய்க்கு, விரல்நுனி அளவில், யுஎஸ்பி புளூடூத் டாங்கிள் கடைகளில் தொங்குகிறது. வாங்கிச் செருகிய சிலருக்கு அது ஆண்டுக்கணக்கில் தொல்லை இல்லாமல் உழைக்கிறது. வேறு சிலருக்குப் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கிறது, மவுஸ் தடுமாறுகிறது, இணைப்பு அறுகிறது. அவர்கள் கணினி பழசு என்கிறார்கள், டாங்கிள் மலிவு என்கிறார்கள், அட்டையில் போட்டிருக்கும் புளூடூத் பதிப்பு எண் போதவில்லை என்கிறார்கள். இந்தக் காரணங்கள் பெரும்பாலும் பொருந்துவதில்லை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். டாங்கிள் பார்வைக்குப் பென் டிரைவின் தம்பிபோல் இருக்கிறது. செய்யும் வேலையால் அது ஒரு வானொலி, அலைகளை அனுப்பவும் வாங்கவும் செய்கிற முழு நிலையம். வானொலிக்கு வேண்டியவை எவை என்று பார்த்தால் அது தோற்கும் இடமும் ஜெயிக்கும் இடமும் விளங்கிவிடும்.

முதலில் கணினியின் வயது. 1998இல் வந்த யுஎஸ்பி 1.1 தரத்தின் முழுவேகம் விநாடிக்கு 12 மெகாபிட். புளூடூத்தில் இசை செல்லும் பாதையின் உச்ச வேகமோ 3 மெகாபிட்தான். எல்லா ஹெட்போன்களுக்கும் பொதுவான எஸ்பிசி என்ற ஒலிச்சுருக்க முறை, நல்ல தரத்துக்குச் சுமார் 328 கிலோபிட் எடுத்துக்கொள்கிறது. விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் இதில் சொற்பப் பங்கு போதும். அதனால்தான் சிஎஸ்ஆர் 8510, ரியல்டெக்கின் ஆர்டிஎல் 8761பி போன்ற டாங்கிள் சிப்கள் எந்தத் துளையில் செருகினாலும் அந்த 12 மெகாபிட் வேகத்திலேயே கணினியுடன் பேசுகின்றன. புதிய மதர்போர்டில் செருகினால் அவை வேகம் பிடிக்கப்போவதில்லை, பழையதில் செருகினால் திணறப்போவதும் இல்லை. மின்சாரத்திலும் இதே கதைதான். யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்பியர் வரை கொடுக்க வல்லது, டாங்கிள் அதில் சிறு பங்கைத்தான் இழுக்கிறது. வன்பொருள் அளவில், கடந்த இருபது ஆண்டுகளில் விற்ற எந்த மேசைக்கணினிக்கும் டாங்கிள் ஒரு சுமையே இல்லை.

அடுத்தது பதிப்பு எண். 4.0 என்று எழுதிய டாங்கிளைவிட 5.0 என்று எழுதியதற்கும், அதைவிட 5.3க்கும் அதிக விலை கேட்கிறார்கள். எண் ஏறினால் பாட்டின் தரமும் ஏறும் என்று வாங்குபவர் நம்புகிறார். ஆனால் வழக்கமான புளூடூத் ஹெட்போனுக்குப் பாட்டு செல்லும் பாதை 2004இல் வந்த 2.0 பதிப்பிலேயே 3 மெகாபிட் உயரத்தைத் தொட்டுவிட்டது. 2016இல் வந்த 5.0 அந்தப் பாதையைத் தொடவே இல்லை. அது வேகத்தையும் எட்டும் தூரத்தையும் கூட்டியது, குறைந்த ஆற்றலில் இயங்கும் இன்னொரு பாதைக்கு. மணிக்கட்டுப் பட்டை, உணரி, புதிய வகை மவுஸ் ஆகியவை போகும் பாதை அது. 5.2 பதிப்போடு வந்த புதிய ஒலிமுறை அந்தப் பாதையில் போகக்கூடியது என்றாலும் அதற்கு ஹெட்போன், டாங்கிள், இயங்குதளம் மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். பழைய கணினியில் அந்தச் சேர்க்கை அமைவது அரிது. அட்டையின் எண் உண்மைதானா என்பதைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் புளூடூத் சாதனத்தின் அட்வான்ஸ்டு பக்கத்தைத் திறந்தால் எல்எம்பி என்ற எண் தெரியும். அது 6 என்றால் 4.0 பதிப்பு, 9 என்றால் 5.0, 12 என்றால் 5.3. அட்டையில் 5.0 என்றும் உள்ளே 6 என்றும் இருந்தால், விற்றவர் சொன்னது பொய்.

இனி வானொலிக்கு வருவோம். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. இந்த அலைவரிசை ஒரு புறம்போக்கு நிலம். இந்தியாவில் குறைந்த திறன் கருவிகள் இதை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005இல் மத்திய அரசு விதி வகுத்தது. பட்டா யாருக்கும் கிடையாது. அதனால் வைஃபை, கம்பியில்லா மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பின் கசிவு என எல்லாம் அங்கேயே வந்து கூடுகின்றன. இந்தக் கூட்டத்தில் பிழைக்க, வழக்கமான புளூடூத் அந்த நிலத்தை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, விநாடிக்கு 1600 முறை தடம் மாறித் தாவுகிறது. ஒரு தடத்தில் இடி விழுந்தாலும் அடுத்த தாவலில் செய்தி போய்ச் சேரும். 2003இல் வந்த 1.2 பதிப்பு முதல், கெட்ட தடங்களைக் கவனித்து ஒதுக்கிவிட்டு நல்ல தடங்களில் மட்டும் தாவவும் அதற்குத் தெரியும். ஆனால் குறைந்தது 20 தடங்களையாவது அது வைத்துக்கொண்டே ஆகவேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு வைஃபை இணைப்பு சுமார் 20 தடங்களின் அகலத்தை அடைத்துக்கொள்ளும். ஒன்றோடொன்று மோதாத மூன்று வைஃபை இணைப்புகள் ஒரே இடத்தில் மும்முரமாக ஓடினால் 79இல் 60 போய்விடும். ராஜகீழ்ப்பாக்கத்திலோ செம்பாக்கத்திலோ, சுவருக்குச் சுவர் ஒட்டிய அடுக்குமாடி ஒன்றில் மாலை நேரத்தில் ஒதுங்க இடம் குறைவதும், பாட்டு அப்போது மட்டும் விக்குவதும் இதனால்தான். அங்கே கணினியின் வயதுக்கு எந்தப் பங்கும் இல்லை. வீட்டு வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் நம் சொந்த நெரிசலையாவது குறைத்துக்கொள்ளலாம்.

நெரிசலைவிடப் பெரிய எதிரி இரும்பு. டாங்கிள்களில் பலவும் இரண்டாம் வகுப்புக் கருவிகள். அவற்றின் திறன் உச்சமாக 2.5 மில்லிவாட், தடையற்ற வெளியில் எட்டுவது சுமார் 10 மீட்டர். இந்த அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் என்பதால், ஆன்டெனா சரியாக வேலை செய்யக் கால்பங்கு நீளம், அதாவது 3 சென்டிமீட்டர் வேண்டும். அதை நகத்தளவு பலகையில் வளைத்து நெளித்து அடைக்கும்போதே கொஞ்சம் திறன் இழக்கிறோம். பிறகு அந்த டாங்கிளைக் கொண்டுபோய்ச் சிபியு பெட்டியின் பின்புறத் துளையில் செருகுகிறோம். பெட்டி எஃகுத் தகடு. அது நிற்பது மேசைக்கு அடியில். மேசையும் பல இடங்களில் இரும்பு. பின்னால் சுவர், முன்னால் உட்கார்ந்திருப்பவரின் உடல். உடலில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் இந்த அலையை விழுங்கும். ஹெட்போனுக்கும் டாங்கிளுக்கும் இடையே நேர்க்கோடு என்பதே இல்லாமல் போக, அலை சுவரில் பட்டுத் தெறித்துச் சுற்றி வந்து சேர வேண்டியிருக்கிறது. மடிக்கணினியில் இந்தத் தொல்லை குறைவு. அதன் ஆன்டெனாக்களைப் பெரும்பாலும் திரையின் ஓரத்தில், உயரமான திறந்த இடத்தில் வைக்கிறார்கள். மடிக்கணினியின் புளூடூத் நன்றாக இருக்கிறது, பழைய மேசைக்கணினியில் சரியில்லை என்ற ஒப்பீட்டில் நாம் உண்மையில் ஒப்பிடுவது ஆன்டெனா இருக்கும் இடங்களைத்தான்.

இதற்கு மேலும் ஒரு சான்று 2012இல் கிடைத்தது. யுஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளை எப்படிப் பாதிக்கின்றன என்று இன்டெல் நிறுவனமே ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும் அந்தத் தரவு, அகலமான இரைச்சலை எழுப்புகிறது. அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியையும் மூடுகிறது. துளை, கம்பி, இணைத்த ஹார்டு டிஸ்க் எல்லாவற்றிலிருந்தும் அது கசியும். ஆகவே யுஎஸ்பி 3.0 துளையில் செருகிய டாங்கிள், பக்கத்துத் துளையில் வெளி ஹார்டு டிஸ்க் பதிவாகும் நேரம் பார்த்துச் செவிடாவதில் வியப்பில்லை. இந்த ஒரு விஷயத்தில் பழைய கணினிக்கே அனுகூலம், யுஎஸ்பி 2.0 துளைகள் மட்டும் உள்ள பெட்டியில் இந்த இரைச்சல் கிடையாது. இரும்புக்கும் இரைச்சலுக்கும் சேர்த்து மருந்து ஒன்றுதான்: ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள். அதை 2.0 துளையில் செருகி, டாங்கிளை மேசைக்கு மேலே மானிட்டரின் ஓரத்தில் ஒட்டி வைத்தால் எஃகுப் பெட்டி குறுக்கிடாது, தூரமும் குறையும். திறந்த வெளியில் தூரம் பாதியானால் வந்துசேரும் திறன் நான்கு மடங்காகும். அதிக விலை டாங்கிளை வாங்கிப் பின்புறத் துளையில் புதைப்பதைவிட, மலிவு டாங்கிளை வெளியே கொண்டுவருவது கூடுதல் பலன் தரும்.

அப்படியானால் மலிவு ஒரு குறையே இல்லையா என்று கேட்கலாம். குறை உண்டு, அது விலையில் இல்லாமல் சிப்பின் அடையாளத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1998இல் தொடங்கிய சிஎஸ்ஆர் நிறுவனத்தின் சிப்கள் ஒருகாலத்தில் டாங்கிள் சந்தையை ஆண்டன. 2015இல் குவால்காம் அந்த நிறுவனத்தை வாங்கியது. ஆனால் சிஎஸ்ஆரின் யுஎஸ்பி அடையாள எண்ணைப் போட்டுக்கொண்ட போலிச் சிப்கள் உலகமெங்கும் இன்னும் விற்பனையாகின்றன. டிரைவர் அந்த எண்ணைப் பார்த்து அசல் சிப் என்று நினைத்துக் கட்டளையிடும், போலிக்கு அந்தக் கட்டளைகளில் சில தெரியாது. தெரியும் என்று சொல்லிவிட்டுப் பதில் தராமல் நிற்கும். இன்னொரு கோளாறும் உண்டு. ஒவ்வொரு புளூடூத் கருவிக்கும் 48 பிட் நீளத்தில் தனி முகவரி வேண்டும். 281 லட்சம் கோடி முகவரிகளுக்கு அதில் இடம் இருந்தும், பல போலி டாங்கிள்கள் ஒரே முகவரியைச் சுமந்துகொண்டு வருகின்றன. வீட்டில் ஒன்று மட்டும் இருந்தால் இது தெரியாது. ஒரு பயிற்சி நிலையம் மொத்தமாகப் பத்து வாங்கி ஒரே அறையில் செருகினால், முதல் கணினியுடன் பழகிய ஹெட்போன் மூன்றாவது கணினியையும் அதே கணினி என்று எண்ணும். சாவி பொருந்தாமல் இணைப்பு முறியும். மொத்தக் கொள்முதல் செய்பவர்கள் முதலில் இரண்டை வாங்கி முகவரிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

போலிகளை என்ன செய்வது என்ற கேள்விக்குக் கணினி உலகம் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. 2014 அக்டோபரில், யுஎஸ்பி சீரியல் சிப்கள் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் புதிய டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியே பரவி, போலிச் சிப்களின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கியது. ஏமாந்து வாங்கியவர்களின் கருவிகள் ஒரே இரவில் ஊமையாயின. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். லினக்ஸ் வேறு வழியில் போனது. 2001 முதல் புளூடூத்தைத் தன் கருவிலேயே கொண்டுள்ள லினக்ஸில், சிஎஸ்ஆர் என்று சொல்லிக்கொள்ளும் சிப்பை முதலில் விசாரிக்கும் நிரல் பகுதி இருக்கிறது. தயாரிப்பாளர் எண்ணும் பதிப்பு எண்ணும் உள்பதிப்பு எண்ணும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று அது பார்க்கும். பொருந்தவில்லை என்றால் போலி என்று குறித்துக்கொண்டு, அதற்குத் தெரியாத கட்டளைகளைத் தவிர்த்து, தெரிந்த வேலையை வாங்கிக்கொள்ளும். இரண்டாவது வழியே நியாயமானது என்பது என் கருத்து. சிப்பைப் போலி செய்தவருக்கான தண்டனை, டியூஷன் பிள்ளையின் கணினியில் விழக்கூடாது. தென்சென்னைக்கு லினக்ஸ் சார்ந்த கட்டற்ற மென்பொருள் மரபு புதிதும் அல்ல. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சி-டாக் சென்னையும் சேர்ந்து 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை அடித்தளமாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது அந்த முயற்சியின் தொடர்ச்சியில்தான்.

மென்பொருள்தான் பழைய கணினிக்கு உண்மையான வயது வரம்பு என்பதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. விண்டோஸ் 7க்குக் குறைந்த ஆற்றல் புளூடூத் இயல்பாகத் தெரியாது. 2012இல் வந்த விண்டோஸ் 8தான் அதைக் கற்றது. அந்தப் பாதையை மட்டுமே நம்பிச் செய்த புதிய மவுஸை வாங்கி விண்டோஸ் 7 கணினியுடன் சேர்க்க முயன்றால், டாங்கிள் எவ்வளவு நல்லதானாலும் சேராது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் கோர் செயலிகளைப் பெரும்பாலும் அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. நல்ல உடம்போடு இருக்கும் ஏராளமான பெட்டிகள் இந்த இடைவெளியில் சிக்கியிருக்கின்றன. அவற்றுக்கு லினக்ஸ் ஒரு நேர்மையான வழி. அதிலும் ஒரு கவனம் தேவை. ரியல்டெக் சிப் ஒவ்வொரு முறை செருகும்போதும் கணினியிடமிருந்து ஃபர்ம்வேர் என்ற உள்நிரலை வாங்கிக்கொண்டுதான் எழும். பழைய லினக்ஸ் பதிப்பில் அந்தக் கோப்பு இருக்காது, புதிய பதிப்பை நிறுவினால் சிக்கல் தீரும்.

ஒயர் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்பது வலுவான மறுப்பு. பல வேலைகளுக்கு ஒயர்தான் சிறந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புளூடூத் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, சேர்த்துவைத்து, விரித்துத் தருவதற்குள் காதுக்கு உணரும்படி தாமதமாகிவிடுகிறது. விசை அடித்தவுடன் திரைவாசிப்பான் சொல்வதைக் கேட்டு வேலை செய்யும் பார்வையற்றவருக்கு அந்தத் தாமதம் உண்மையான இடையூறு. 5 மெகாபைட் படத்தைப் போனிலிருந்து அனுப்ப, விநாடிக்கு 2 மெகாபிட் கிடைத்தால்கூட 20 விநாடி ஆகும். படங்களுக்குக் கேபிளே மேல். இயங்குதளம் எழுவதற்கு முந்தைய பயாஸ் திரையில் புளூடூத் விசைப்பலகை பொதுவாக வேலை செய்யாது, ஆகவே ஒயர் விசைப்பலகை ஒன்றை வைத்திருப்பது அவசியம். இணைய வகுப்பில் ஹெட்போனின் மைக்கை இயக்கினால் ஒலி தொலைபேசித் தரத்துக்குச் சரிவதும் டாங்கிளின் பழுது அல்ல. இசைக்கான பாதை ஒருவழி என்பதால் பேசவும் கேட்கவும் வேண்டும்போது கருவி அழைப்புக்கான குறுகிய பாதைக்கு மாறுகிறது. வெப்கேமின் மைக்கில் பேசி, கேட்பதற்கு மட்டும் ஹெட்போனை வைத்துக்கொண்டால் இசைப் பாதை கலையாது. இவ்வளவையும் கழித்த பிறகும் புளூடூத்துக்கு இடம் இருக்கிறது. போனுக்காக வாங்கிய ஹெட்போன் பல வீடுகளில் ஏற்கெனவே உண்டு. குனிந்து ஒயர் மாட்ட முடியாத முதியவர்கள் உண்டு. காது கேட்கும் கருவியில் புளூடூத் இணைப்பு வைத்திருப்பவர்களும் உண்டு.

பாதுகாப்பு பற்றிய மறுப்பையும் தள்ளிவிட முடியாது. 2019இல் ஆய்வாளர்கள் நாப் என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். இரு கருவிகள் மறைகுறிச் சாவியின் நீளத்தைப் பேசி முடிக்கும்போது இடையில் புகுந்து, அதை ஒரே பைட் அளவுக்குச் சுருக்கிவிட முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். அதற்கான தீர்வு, 7 பைட்டுக்குக் குறைந்த சாவியை இயங்குதளம் மறுக்கும்படி செய்த திருத்தம். இதிலிருந்து தெரிவது என்ன? பல மலிவுச் சிப்களின் உள்ளிருக்கும் நிரல் மாறப்போவதில்லை, காப்பு வேலையின் பெரும்பங்கு இயங்குதளத்தின் கையில் இருக்கிறது. திருத்தங்கள் நின்றுபோன விண்டோஸில் புளூடூத் விசைப்பலகையால் வங்கிக் கடவுச்சொல் அடிப்பது தவறு. திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் இயங்குதளத்தில், அதே பத்து வயதுப் பெட்டியில், அந்த ஆபத்து பெருமளவு குறைகிறது.

கடைசி மறுப்பு, புதுக் கணினியே வாங்கிவிடலாமே என்பது. ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் ஒரு கணக்கைத் தந்தார்கள். அந்நாளைய ஒரு மேசைக்கணினியையும் அதன் 17 அங்குல மானிட்டரையும் உற்பத்தி செய்ய 240 கிலோ புதைபடிவ எரிபொருளும் 22 கிலோ வேதிப்பொருள்களும் 1500 கிலோ தண்ணீரும் செலவாயின. இன்றைய சிறு கணினிக்கு இந்தச் செலவு குறைவாக இருக்கலாம், அது மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும். பழைய பெட்டி புதியதைவிட 40 வாட் கூடுதலாகத் தின்கிறது, நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 73 யூனிட் வித்தியாசம் வரும். இரவு பகலாக ஓடும் கடைக் கணினிக்கு இது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு ஆகிவிடும், அங்கே புதியது வாங்குவதுதான் அறிவு. மாலையில் மட்டும் ஓடும் வீட்டுக் கணினியை, புளூடூத் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கழிப்பதற்கு இந்தக் கணக்கு இடம் தராது. கழித்த பெட்டியும் எங்கோ போய்ச் சேரத்தான் வேண்டும். தென்சென்னையின் குப்பை பல ஆண்டுகளாகக் குவிந்த பெருங்குடிக் கிடங்கு, 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைத்திருக்கின்றன. அந்த விதிகள் எவ்வளவு நன்றாக நடந்தாலும், கழிவாகாத பொருளை மறுசுழற்சி செய்யவே தேவையில்லை.

ஆகவே சில நூறு ரூபாய் டாங்கிளால் பழைய மேசைக்கணினியின் ஆயுளை நீட்டுவது சரியான முடிவுதான். சிப் நேர்மையானதாக, ஆன்டெனா திறந்த இடத்தில், இயங்குதளம் உயிரோடு இருக்கவேண்டும் என்பவை மட்டுமே நிபந்தனை. இவற்றில் இரண்டு நம் கையில் உள்ளவை. முதலாவதில்தான் வாங்குபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இறக்குமதிப் பொருளின் உறையில் விலை, இறக்குமதியாளர் பெயர், எந்த நாட்டில் செய்தது என்பவற்றை அச்சிடச் சட்டம் ஏற்கெனவே கட்டாயப்படுத்துகிறது. அதோடு சிப்பின் பெயர் என்ற ஒரு வரியையும் சேர்த்துவிட்டால், பதிப்பு எண்ணைக் காட்டி ஏமாற்றுவது கடினமாகும். சட்டம் வரும்வரை அந்தக் கேள்வியைக் கடையிலேயே கேட்கலாம். ரிச்சி தெருவிலோ தாம்பரம் சந்தைப் பகுதியிலோ, உள்ளே என்ன சிப் என்று பத்துப் பேர் தொடர்ந்து கேட்டால், பதில் தெரிந்த சரக்கையே கடைக்காரர் வாங்கி வைப்பார்.